கருவிக்குப் பொட்டு, எனக்குக் கோப்பை

எனக்கு ஒரு கோப்பை கிடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை. ஒன்றரை அடி உயரம், இரண்டு பக்கமும் காது, உச்சியில் மட்டையை ஓங்கியபடி ஒரு தங்க நிற மனிதர். அவருக்கு என்னைவிட இடுப்பு நன்றாக வளைகிறது.

வாழ்த்துச் சொல்ல ஃபோனை எடுத்தவர்கள் கொஞ்சம் கீழே வையுங்கள். விஷயமே இன்னும் ஆரம்பிக்கவில்லை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனக்கு ஈப்போவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிற்றுக்கிழமையானால் கோல்ஃப். வாரம் ஒருமுறை இந்தப் பத்தியில் ஊருக்கு உபதேசம். போன மாதம்கூட, ஊனமுற்றோருக்கான பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு நாசி லெமாக் வாங்க ஓடிய ஒருவரைப் பக்கம் முழுக்க வறுத்தெடுத்தேன். ‘அஞ்சு நிமிஷம்தானே’ என்பது திருட்டுக்கு நாம் வைத்திருக்கும் செல்லப்பெயர் என்று எழுதினேன். நல்ல வரிதான், இல்லையா? வாட்ஸ்அப்பில் பலர் பகிர்ந்தார்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், யார் எழுதியது என்று தெரியாமல்.

சரி, கோல்ஃபுக்கு வருவோம்.

இந்த விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு நடுவர் கிடையாது, விசில் கிடையாது, கேமரா கிடையாது. புதருக்குள் போய்ப் பந்தைக் காலால் லேசாகத் தட்டி வெளியே விட்டாலும் பார்க்க ஒரு ஈ காக்கை இருக்காது. தப்புச் செய்தால் நீங்களே உங்கள் மேல் புகார் கொடுத்து, நீங்களே விசாரித்து, நீங்களே தண்டனையும் போட்டுக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர் நம்மில் யாரையும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் நான் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினேன். பைனாகுலரைப் பாதியாக வெட்டியது மாதிரி ஒரு கருவி. ஒரு கண்ணை வைத்து, தூரத்தில் குழிக்குள் நட்டிருக்கும் கொடியைப் பார்த்து, பட்டனை அழுத்தினால் எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடும். பதினோரு வருடமாக ஒரு கோப்பையும் வாங்காததற்குக் காரணம் என் ஆட்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தூரம் தெரியாததுதான் காரணம் என்று கடைக்காரப் பையன் புரியவைத்தான்.

அந்தக் கருவியில் ‘ஸ்லோப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. கொடி மேட்டில் இருந்தால், தூரம் 130 மீட்டர்தான் என்றாலும் 140 மீட்டருக்கு அடிக்கிற மாதிரி அடிக்க வேண்டும். அந்தக் கணக்கையும் கருவியே போட்டு, இரண்டாவது எண்ணாகக் கீழே காட்டும். வசதிதான். ஆனால் போட்டியில் அது கூடாது. தூரத்தை அளக்கலாம், மேடு பள்ளத்தை அளக்கக் கூடாது என்பது விதி. அதற்காகவே கருவியின் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். அதை ஆஃப் செய்தால் ஒரே ஒரு எண்தான் தெரியும். போட்டியின்போது ஆன் செய்து பார்த்தால் முதல் தடவை இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், அதாவது கணக்கில் இரண்டு அடி கூடிவிடும்; குறைவான அடியில் முடிப்பவருக்குத்தான் கோப்பை. இரண்டாவது தடவை பார்த்தால் ஆட்டத்தைவிட்டே வெளியே. அவ்வளவுதான் விதி. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

இங்கேதான் கலைமகள் வருகிறாள்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை அன்று எதுவும் தப்பிக்க முடியாது. கார், லேப்டாப், மிக்சி, கடையில் இருக்கும் லென்ஸ் பார்க்கும் மெஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இந்த வருடம் மனைவி மாலதி என் கோல்ஃப் மட்டைகளையும் வரிசையாக நிறுத்திப் பொட்டு வைத்தாள். ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்தவள், முன்னால் வைத்தால் லென்ஸ் கெட்டுவிடும் என்று யோசித்து, பக்கவாட்டில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள். சரியாக அந்தக் குட்டி ஸ்விட்ச்சின் மேல்.

“தொடைச்சிராதீங்க, சாமி பொட்டு” என்று எச்சரிக்கை வேறு.

நானும் துடைக்கவில்லை. கோப்பை வேண்டுமே.

‘மெடல்’ என்று நாங்கள் சொல்லும் எங்கள் தீபாவளிப் போட்டி, ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வெட்டிப் போட்ட மைதானத்தில் நடக்கும். தமிழர்கள் நாற்பது பேர். மேடும் பள்ளமுமான இடம். ஒரு காலத்தில் அங்கே பால் வெட்டியவர்களுக்கு எத்தனை டிகிரி சரிவு என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை. முட்டி சொல்லியிருக்கும்.

என்னோடு ஆடியவர்கள் இருவர். ஒருவர் தேவா. தஞ்சோங் மாலிமில் வேலை, வாரக்கடைசியில் ஈப்போ, மெடலுக்கு அவர்தான் காரியதரிசி. இன்னொருவர் ராமநாதன் அண்ணன். ஜெலாப்பாங்கில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். குடும்பத்துக்குப் பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். நேரில் ‘அண்ணே’, முதுகுக்குப் பின்னால் ‘ரூல்ஸ் ராமநாதன்’. அவர் பையைத் திறந்தால் பந்துக்கு முன்னால் விதிப்புத்தகம்தான் வெளியே வரும்.

இந்த மெடலில் நான்கு முறை இரண்டாவதாக வந்தவர் அவர். ஒருமுறை ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் கோப்பையைக் கோட்டைவிட்டார். எப்படி? புல்லுக்குள் கிடந்த பந்து அவர் கால் பட்டு ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டதாம். யாரும் பார்க்கவில்லை. அவரே சொல்லி, அவரே அபராதம் போட்டுக்கொண்டு, அவரே தோற்றார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம். சத்தமாகச் சிரித்தது நான்.

அவர்தான் அன்றைக்கு என் மார்க்கர். அதாவது என் ஸ்கோரை எழுதுபவர்.

பதினெட்டுக் குழி ஆட்டம். முதல் ஹோலில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“குமார், ஸ்லோப் ஆஃபா?”

“ஆஃப்ணே.”

“காட்டுங்க.”

காட்டினேன். பக்கவாட்டில் காய்ந்துபோன சந்தனத்தைப் பார்த்தார்.

“இதுக்குமா?”

“வீட்ல வச்சுட்டாங்கண்ணே. ஸ்விட்ச்ச நான் தள்ளிட்டேன்.”

“சரி, இருக்கட்டும். நல்லதுதான்.”

காலையில் நான் ஸ்விட்ச்சைத் தள்ளியது உண்மை. அது நகர்ந்ததும் உண்மை. ஆனால் முழுக்கப் போகவில்லை. உள்ளே இறங்கிக் காய்ந்திருந்த சந்தனம் அதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டது. இது எனக்கு அப்போது தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் முழுமையாக நம்பலாம். இனி வருவதுதான் கஷ்டம்.

முதல் இரண்டு ஹோலும் சமதரை. கருவியைக் கண்ணில் வைத்தேன், தூரத்தைப் பார்த்தேன், அடித்தேன். கீழே பொடியாக இன்னொரு எண் இருந்ததை மனம் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே எண்தானே.

மூன்றாவது ஹோல் ஏற்றம். கண்ணை வைத்தேன். மேலே 132. கீழே 141.

வாசகர்களே, ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கூப்பிடு தூரத்தில் ராமநாதன் அண்ணன் நிற்கிறார். “அண்ணே, இது ஆன்ல இருக்கு” என்று சொன்னால் முடிந்தது. ஏற்கெனவே இரண்டு ஹோலில் பார்த்தாகிவிட்டது. விதிப்படி நான் வெளியே. காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

சொன்னேனா?

நான் 141க்கான மட்டையை எடுத்தேன். பந்து குழியிலிருந்து ஒரு அடியில் போய் நின்றது. “சாந்தெக் ஷாட், மச்சான்!” என்று தேவா கைதட்டினார். அழகான ஷாட் என்று அர்த்தம். அழகு கருவியுடையது.

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் கீழே இருக்கும் எண்ணைப் பார்க்கவில்லை, அது என் கண்ணில் படுகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கருவி தானாகச் சொல்கிறது, நான் கேட்கவா செய்தேன்? ஒரு உண்மை கண்ணில் படும்போது கண்ணை மூடிக்கொள்வதா நேர்மை? இதெல்லாம் நாலாவது ஹோலுக்குள். ஏழாவது ஹோலில், இது சாமி பொட்டு, அம்பாளே இப்படி நினைத்திருக்கிறாள் போல என்ற அளவுக்கு வந்துவிட்டேன். அஞ்சு நிமிஷம்தானே என்று நாசி லெமாக் வாங்க ஓடிய மனிதர் என் பக்கத்தில் நின்றிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

பதினாறாவது ஹோலில் நாங்கள் போன பக்கி வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. ரேஞ்ச்ஃபைண்டர் தெறித்துக் கீழே விழுந்தது. மூன்று பேரும் பார்த்தோம். எடுத்துத் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்போது நான் ராமநாதன் அண்ணனைவிட மூன்று ஸ்ட்ரோக் முன்னால் இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

பதினேழாவது ஹோலில் வழக்கம்போல நான் கண்ணை வைத்துப் பார்த்து முடித்தேன்.

“மச்சான், அதக் கொஞ்சம் குடு லா. என் போன் பேட்டரி செத்துப்போச்சு” என்று தேவா கை நீட்டினார். அவர் தூரம் பார்ப்பது போனில்தான்.

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. கொடுத்தேன். கண்ணை வைத்தார்.

“அலாமா! இது என்ன, ரெண்டு நம்பர் காட்டுது?”

ராமநாதன் அண்ணன் திரும்பினார். அவர் அவ்வளவு வேகமாகத் திரும்பி நான் பார்த்ததில்லை. கருவியை வாங்கி, திருப்பிப் பார்த்து, பந்து வைக்கும் மரக்குச்சியால் சந்தனத்தைச் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஸ்விட்ச்சைத் தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம். அப்போதுதான் அது உண்மையிலேயே ஆஃப் ஆனது.

மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். ஆனால் நம் தேவா இருக்கிறாரே...

“எனக்குத் தெரிஞ்சுபோச்சு லா! சந்தனம் அடைச்சு பாதியில நின்னுருக்கு. பதினாறுல விழுந்துச்சில்ல, அந்த அதிர்ச்சில ஆன் ஆயிருச்சு. வேற ஒண்ணும் இல்ல.”

இப்படி ஒரு வக்கீலை நான் தேடிப் பிடித்தாலும் கிடைத்திருக்க மாட்டார். விழுந்தது உண்மை. சந்தனம் உண்மை. நடுவில் ஒரே ஒரு பொய் மட்டும் தேவைப்பட்டது, அதையும் அவரே தயார் செய்து வாயருகில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

ராமநாதன் அண்ணன் என்னைப் பார்த்தார்.

“விழறதுக்கு முன்ன ஒரு நம்பர்தான் தெரிஞ்சுதா, குமார்?”

தொழில்முறையில் நான் தினமும் இருபது பேரிடம் கேட்கும் கேள்வி இது. கீழ் வரி தெரியுதா? லைசென்ஸுக்காக எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வரும் லாரி டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரிகிறது என்பார்கள். தெரிந்ததைத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு கண்ணாடிக் கடைக்காரன் வேண்டியிருந்தது.

“ஒண்ணுதான்ணே.”

“சரி. அப்ப இந்த ஹோல்ல ஒரு தடவ. ரெண்டு ஸ்ட்ரோக்.” எழுதிக்கொண்டார். பிறகு தேவா பக்கம் திரும்பினார். “நீங்களும் பார்த்தீங்க. உங்களுக்கும் ரெண்டு.”

“எனக்கா? கண்டுபிடிச்சதே நான்தான்ணே!”

“ரூல்ஸ் அப்படித்தான், தேவா.”

“போடுங்க லா. நூத்திப் பத்துல இருக்கேன். இன்னும் ரெண்டு ஏறினா என்ன, குடியா முழுகிரும்?”

மூன்று பேரும் சிரித்தோம். என் முன்னிலை மூன்றிலிருந்து ஒன்றானது. பதினெட்டாவது ஹோலில் நானும் அண்ணனும் ஐந்து ஸ்ட்ரோக் எடுத்தோம். ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் எனக்குக் கோப்பை. ராமநாதன் அண்ணன் ஐந்தாவது தடவையாக இரண்டாமிடம்.

பரிசளிப்பின்போது வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

“வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், குமார். உங்க பத்திய விடாமப் படிக்கிறவன் நான்.”

அந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, காது சுட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். மைக் பக்கத்தில்தான் இருந்தது. துல்லியமாகச் சொன்னால் இரண்டு மீட்டர், சமதரை, ஸ்லோப் தேவையில்லை. நான் மைக்கைப் பிடித்தேன். மனைவிக்கு நன்றி சொன்னேன், கடவுளுக்கு நன்றி சொன்னேன், ராமநாதன் அண்ணனைப் போன்ற நேர்மையானவர்களோடு ஆடுவதே பெருமை என்றேன். பலத்த கைதட்டல். அப்புறம் வாழையிலைச் சாப்பாடு, ஆட்டிறைச்சிப் பெரட்டல். நான் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

வீட்டில் மாலதியிடமும் அந்த ‘விழுந்த’ கதையைத்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“நான் வச்ச பொட்டாலயா ரெண்டு ஸ்ட்ரோக் போச்சு? தெரியாம வச்சுட்டேங்க. மன்னிச்சுக்குங்க.”

என் பொய்க்கு என் மனைவி மன்னிப்புக் கேட்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “பரவால்ல, விடு” என்று பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.

அன்று சோறு இறங்கியது. திங்கட்கிழமை இறங்கவில்லை. கோப்பை டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராமநாதன் அண்ணனின் கார் பூட்டைத் திறந்து எதையோ எடுத்து வந்த உணர்வு. அவருடைய பொருள் என் வீட்டில் இருக்கிறது, அவருக்கே அது தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை மாலதியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் உள்ளே போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

ஜெலாப்பாங் போனேன். பையிலிருந்து தங்க மனிதரின் மட்டை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க குமார்! என்ன, கோப்பைல ஸ்குரூ கழண்டுக்கிச்சா?” என்றார் ராமநாதன் அண்ணன். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, விழறதுக்கு முன்னயும் ரெண்டு நம்பர்தான்.”

சிரிப்பு நின்றது. பிறகு மேசை டிராயரை இழுத்தார். கடையிலும் ஒரு விதிப்புத்தகம்! பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“போட்டி முடிஞ்சிருச்சு. ரிசல்ட்டும் சொல்லியாச்சு. இனிமே ரூல் இப்படித்தான். தெரியாம பண்ணியிருந்தீங்கன்னா ரிசல்ட் நிக்கும். கோப்பை உங்களுக்குத்தான், ஒருத்தரும் கேக்க முடியாது. தெரிஞ்சே பண்ணியிருந்தீங்கன்னா, எத்தனை நாள் ஆனாலும் வெளிய.” கண்ணாடியைக் கழற்றினார். நான் போட்டுக்கொடுத்த கண்ணாடி. “தெரிஞ்சா, தெரியாமலா?”

இந்த மனிதரைப் பாருங்கள். ஐந்து தடவை இரண்டாவதாக வந்தவர். கோப்பை அவர் மேசைக்கு முன்னால் பையில் இருக்கிறது. அந்த வரியை மட்டும் படிக்காமல் விட்டிருந்தால் அது அவருடையது. நான் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்பதை அவரே தேடி எடுத்து, அவரே எனக்குப் படித்துக் காட்டுகிறார். ஏனென்றால் அது விதியில் இருக்கிறதாம். இவரைத்தான் நாங்கள் வருடக்கணக்காகக் கிண்டல் செய்தோம்.

“தெரிஞ்சுதான்ணே. மூணாவது ஹோல்லருந்து.”

அதற்குள் ஒரு சீனக் காண்ட்ராக்டர் போல்ட் கேட்டு வந்து நின்றார். அண்ணன் எழுந்துபோய் அளவு பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். வழக்கமாக நான் அந்தக் கடைக்குப் போனால் உட்காருவதற்கு முன்னால் டீ வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. அவர் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“என்கிட்ட ஏன் குடுக்கிறீங்க? கமிட்டிகிட்ட குடுங்க. எழுத்துலயும் குடுங்க. எத்தனை தடவ, அதுல தெரிஞ்சது எத்தனை, தெரியாதது எத்தனைன்னு தனித்தனியா எழுதுங்க.”

அன்று மாலையே தேவாவுக்கு ஃபோன் செய்து, கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். அவர் அலறினார்.

“ஏன் மச்சான் வம்ப வெலைக்கு வாங்குற? முடிஞ்சு போச்சு லா! உன்னக் கேட்டா அப்புறம் எல்லாரோட மெஷினையும் கேக்கணும்.”

விஷயம் பரவிவிட்டது. இதுவரை ஒன்பது பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவருக்கும் என் மேல் கோபம் இல்லை. “விட்டுரு”, “மனுஷன்னா தப்பு நடக்கும்”, “இதெல்லாம் பெரிசு பண்ணாத லா” என்று ஆளுக்கொரு ஆறுதல். இத்தனை பேருக்கு என் மேல் இவ்வளவு பாசம் இருப்பது பதினோரு வருடமாகத் தெரியாமல் போய்விட்டதே என்று யோசித்தேன். பிறகுதான் கவனித்தேன். ஒன்பது பேரிடமும் ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது.

ஆகவே, எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். இந்தப் பத்தி வெளிவரும் அன்றே ஒரு பிரதி கோப்பையோடு தேவா வீட்டுக்குப் போகும். விடாமல் படிக்கிறவர் இந்த வாரமும் படிப்பாரா என்று தெரியவில்லை. படித்தால் நல்லது.

கமிட்டியின் மேலான கவனத்துக்கு: ஸ்லோப் ஆனில் இருந்தபோது நான் கருவியில் கண்ணை வைத்தது மொத்தம் பதின்மூன்று தடவை. அதில் தெரியாமல் வைத்தது இரண்டு.